எஞ்சின் ஆயில்: மாற்ற வேண்டிய காலமும் மாற்றும் முறையும்

புதிதாகக் கார் வாங்கியவர் எஞ்சின் ஆயிலைப் பற்றி மூன்று பேரிடம் கேட்டால் மூன்று பதில் கிடைக்கும். வண்டியோடு வந்த கையேட்டில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்று அச்சிட்டிருக்கும். தெருமுனை மெக்கானிக் 5,000 கிலோமீட்டரிலேயே மாற்றிவிடச் சொல்வார். அடுத்த வீட்டுக்காரர் கிலோமீட்டரைப் பார்க்க வேண்டாம், ஆயில் கறுத்துவிட்டால் மாற்றிவிடுங்கள் என்பார். முதல் இரண்டு பதில்களும் சில சூழ்நிலைகளில் சரியானவை. மூன்றாவது பெரும்பாலும் தவறு. வண்டி எப்படி ஓடுகிறது என்பதைக் கொண்டு கையேட்டின் இடைவெளியை நமக்கேற்பக் கணக்கிட்டுக்கொள்வதும், இடையில் ஆயிலின் அளவைத் தவறாமல் பார்ப்பதும்தான் கார் வைத்திருப்பவர் செய்ய வேண்டிய இரண்டு வேலைகள். இங்கே சொல்லப்படுபவை தமிழ்நாட்டுச் சாலைகளில் சொந்த உபயோகத்துக்காகப் பெட்ரோல் அல்லது டீசல் கார் ஓட்டுபவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

ஆயில் ஏன் பழுதாகிறது

எஞ்சினுக்குள் உராயும் உலோகப் பாகங்களுக்கு நடுவே மெல்லிய படலமாக நின்று அவை ஒன்றையொன்று தேய்க்காமல் காப்பதுதான் ஆயிலின் முதல் வேலை. அதோடு பிஸ்டனின் அடிப்பகுதி போன்று குளிர்விப்பு நீர் எட்டாத இடங்களிலிருந்து சூட்டை எடுத்துச் செல்வது, எரிபொருள் எரிவதால் உண்டாகும் கரியை ஓரிடத்தில் படியவிடாமல் தன்னுள் மிதக்க வைத்துக்கொள்வது, துருப்பிடிக்காமல் தடுப்பது ஆகிய வேலைகளையும் அது செய்கிறது. இவற்றுக்காக அடிப்படை எண்ணெயுடன் பலவகை ரசாயனச் சேர்மானங்கள் கலக்கப்படுகின்றன. நாளடைவில் தீர்ந்துபோவது பெரும்பாலும் இந்தச் சேர்மானங்கள்தான். சூட்டில் எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து கெட்டிப்படுகிறது. எரியாத எரிபொருளும் நீராவியும் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி அதில் கலக்கின்றன. எரிதலில் உண்டாகும் அமிலங்களை முறிக்கும் சக்தி குறைந்துகொண்டே வருகிறது.

ஆயிலில் சேரும் நீரும் எரிபொருளும் ஆவியாகி வெளியேற வேண்டுமானால் ஆயில் நன்றாகச் சூடேறி, அந்தச் சூட்டில் சிறிது நேரம் ஓட வேண்டும். தினமும் மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ போய் நிறுத்தப்படும் காரில் இது நடப்பதேயில்லை. ஆகவே, குறைவாக ஓடும் வண்டிக்கு ஆயில் நீண்ட நாள் வரும் என்ற எண்ணம் தவறானது. ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய வண்டிக்கும் ஓராண்டு முடிந்ததும் ஆயிலை மாற்ற வேண்டும் என்று கையேடு சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இடைவெளியை முடிவு செய்தல்

முதலில் உங்கள் காரின் கையேட்டை எடுத்து, பராமரிப்பு அட்டவணை உள்ள பக்கத்தைத் திறந்துகொள்ளுங்கள். இந்தியாவில் இப்போது விற்கப்படும் பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், இவற்றில் எது முதலில் வருகிறதோ அது என்றுதான் இருக்கும். சில கார்களுக்கு 15,000 கிலோமீட்டர் என்றும் இருக்கலாம். புதுக் காரின் முதல் இலவச சர்வீஸில் பெரும்பாலும் பரிசோதனை மட்டுமே நடக்கும் என்பதால், அப்போது ஆயிலை மாற்றவில்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. அட்டவணையில் அதற்கு என்ன குறிப்பிட்டிருக்கிறது என்று பார்த்தால் போதும்.

அடுத்து, பலர் புரட்டாமல் விட்டுவிடும் பக்கத்துக்கு வாருங்கள். பல கையேடுகளில் கடுமையான பயன்பாட்டுக்கென்று தனி அட்டவணை ஒன்று உண்டு. அதில் ஆயில் மாற்றும் இடைவெளி பெரும்பாலும் வழக்கமானதில் பாதியாக இருக்கும். அந்தத் தலைப்பைப் பார்த்ததும், நாம் என்ன பாலைவனத்திலா ஓட்டுகிறோம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அதன் கீழே எதையெல்லாம் பட்டியலிட்டிருக்கிறார்கள் என்று படித்துப் பாருங்கள்: அடிக்கடி நின்று நின்று நகரும் நெரிசல், எஞ்சின் சூடேறுவதற்குள் முடிந்துவிடும் குறுந்தொலைவுப் பயணம், புழுதி நிறைந்த சாலை, மலையேற்றம், அதிகச் சுமை, நீண்ட நேரம் எஞ்சினை ஓடவிட்டு வண்டியை நிறுத்தி வைத்திருத்தல். சென்னையிலோ கோவையிலோ அலுவலக நேரத்தில் கார் ஓட்டும் எவருக்கும் இவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தும். தெருமுனை மெக்கானிக் சொல்லும் 5,000 கிலோமீட்டருக்கு ஒரு காரணம் மினரல் ஆயில் (கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுக்கும் சாதாரண வகை) காலத்துப் பழக்கம் என்றால், இன்னொரு காரணம் அவர் தினமும் பார்ப்பவை நகரத்து வண்டிகள் என்பது.

கிலோமீட்டர் ஏன் முழுக் கணக்கைச் சொல்வதில்லை என்பதை ஒரு சிறு கணக்குப் போட்டாலே புரிந்துகொள்ளலாம். இப்போதைய கார்கள் பலவற்றில் ஓட்டுநருக்கு முன்னுள்ள திரையில் சராசரி வேகம் தெரியும். நகரத்துக்குள் மட்டுமே ஓடும் காரின் சராசரி வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10,000 கிலோமீட்டரை அது கடப்பதற்குள் எஞ்சின் 500 மணி நேரம் ஓடியிருக்கும். மதுரைக்கும் சென்னைக்குமாக நெடுஞ்சாலையில் மட்டுமே போய்வரும் காருக்குச் சராசரி 60 என்றால், அதே தொலைவுக்கு எஞ்சின் ஓடிய நேரம் ஏறத்தாழ 167 மணிதான். மீட்டரில் இரண்டும் ஒரே எண்ணைத்தான் காட்டும்; ஆனால் முதல் வண்டியின் ஆயில் மூன்று மடங்கு நேரம் வேலை செய்திருக்கிறது, அதுவும் ஏ.சி. ஓட, சிக்னலில் காற்றோட்டமின்றி நின்றபடி. சராசரி வேகம் 25-க்குக் கீழேயே இருக்குமானால் கையேட்டின் கடுமையான பயன்பாட்டு அட்டவணையைப் பின்பற்றுவதுதான் என் பரிந்துரை. நெடுஞ்சாலையில் மிகுதியாக ஓட்டுபவர் முழு இடைவெளியையும் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். 5,000-க்கு ஒருமுறை மாற்றுவதால் அவர் எஞ்சினுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் நன்மை பெரிதாக ஒன்றுமில்லை, பணம்தான் விரயம். கையேட்டின் அளவைத் தாண்டி இழுத்தடிப்பது மட்டும் எந்த வண்டிக்கும் கூடாது.

எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ பொருத்திய சிறிய பெட்ரோல் எஞ்சின்களில் இன்னும் சற்று எச்சரிக்கை தேவை. டர்போவின் சுழல்தண்டு மிக அதிக வேகத்தில் சுற்றுவதும், அதைக் குளிர்விப்பதில் ஆயிலுக்கும் பங்கிருப்பதும், எரிபொருளை நேரடியாக சிலிண்டருக்குள் தெளிக்கும் எஞ்சின்களில் பெட்ரோல் ஆயிலில் கலப்பது அதிகமாக இருப்பதும் இதற்குக் காரணங்கள்.

கணக்கெதையும் பார்க்காமல் உடனே மாற்ற வேண்டிய நிலை ஒன்று உண்டு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஆயிரக்கணக்கான கார்கள் வெள்ளத்தில் மூழ்கின. எஞ்சின் அளவுக்குத் தண்ணீர் ஏறிய காரை எக்காரணம் கொண்டும் ஸ்டார்ட் செய்து பார்க்காமல், பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, இழுவை வண்டியில் ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அங்கே சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கிறதா என்று பார்த்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகே எஞ்சினைச் சுற்றவிட வேண்டும்.

டிப்ஸ்டிக்கைப் பார்த்தல்

இரண்டு ஆயில் மாற்றங்களுக்கு இடையில் மாதம் ஒருமுறையும், நீண்ட பயணத்துக்கு முன்பும் அளவைப் பார்ப்பது நல்லது. ஐந்து நிமிட வேலை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். வீட்டுக்கு முன்னுள்ள சாய்தளத்தில் நிற்கும் வண்டியில் எடுத்த அளவு தவறாகவே இருக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு, மேலே ஏறிய ஆயில் எஞ்சினின் அடியிலுள்ள தொட்டியான சம்ப்புக்குத் திரும்பி இறங்குவதற்கு ஐந்து முதல் பத்து நிமிடம் காத்திருங்கள். பானெட்டைத் திறந்து, பெரும்பாலும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறக் கைப்பிடியுடன் இருக்கும் டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயிலின் அளவைக் காட்டும் கம்பியை, வெளியே இழுத்து, நூல் பிரியாத துணியால் துடையுங்கள். மீண்டும் முழுமையாக உள்ளே செலுத்தி எடுத்துப் பாருங்கள். முதலில் இழுத்தபோது தெரிந்த அளவைக் கணக்கில் கொள்ளக் கூடாது. வண்டி ஓடியபோது தெறித்த ஆயில் கம்பி முழுவதும் ஒட்டியிருக்கும்.

கம்பியின் நுனியில் கீழ்க்கோடு, மேல்கோடு என இரண்டு குறிகள் இருக்கும். பெரும்பாலான கார்களில் இவற்றுக்கு இடைப்பட்ட அளவு ஏறத்தாழ ஒரு லிட்டர். ஆயில் இவற்றுக்கு நடுவே எங்கே இருந்தாலும் பயமில்லை. மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே இருப்பது மிக நல்லது. கீழ்க்கோட்டை நெருங்கினால் அதே தரமுள்ள ஆயிலைக் கால் லிட்டர் கால் லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள். அவசரத்துக்கு வேறு நிறுவனத்தின் ஆயில்தான் கிடைக்கிறது என்றாலும், தரக்குறியீடு ஒன்றாக இருந்தால் ஊற்றலாம். அவை ஒன்றோடொன்று கலந்து திரிந்துபோகாது.

எல்லா எஞ்சினும் கொஞ்சம் ஆயிலைக் குடிக்கும். 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரை குறைவதைக்கூடச் சில நிறுவனங்கள் தங்கள் கையேடுகளில் ஏற்கத்தக்க உச்ச வரம்பாகக் குறிப்பிடுகின்றன. நடைமுறையில் நல்ல எஞ்சின் அதைவிட மிகக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். முன்பு குறையாத வண்டியில் திடீரென்று குறையத் தொடங்கினால், வண்டி நின்ற இடத்தில் தரையில் கறை இருக்கிறதா, புகைக்குழாயில் நீலப் புகை வருகிறதா என்று கவனித்து மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

அளவு குறைவதைவிடப் பலருக்கு வியப்பளிப்பது அது கூடுவது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 என்ற புகை மாசு விதிகளுக்கு உட்பட்ட டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு, டி.பி.எஃப். என்று ஒர்க்ஷாப்பில் சொல்வார்கள். சேர்ந்த கரியை எரிக்க எஞ்சின் அவ்வப்போது கூடுதல் டீசலைத் தெளிக்கிறது. வண்டி குறுந்தொலைவு மட்டுமே ஓடி, இந்த எரிப்பு பாதியிலேயே நின்றுபோய்க்கொண்டிருந்தால் அந்த டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் சேரும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி, டீசல் வாடையும் அடித்தால், கிலோமீட்டர் எவ்வளவு ஆகியிருந்தாலும் ஆயிலை மாற்றியாக வேண்டும். நகரத்துக்குள்ளேயே ஓட்டுபவருக்கு டீசல் கார் ஏற்றதல்ல என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிறத்தைப் பொறுத்தவரை, டீசல் எஞ்சினில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டருக்குள் மை போலக் கறுத்துவிடும். கரியைத் தன்னுள் மிதக்க வைத்துக்கொள்ளும் வேலையை அது செய்கிறது என்பதே அதன் பொருள். பெட்ரோல் எஞ்சினில் நிறம் மெதுவாக மாறும். சி.என்.ஜி.யில் ஓடும் காரில் ஆயில் பல மாதம் தெளிவாகவே தெரியக்கூடும், ஆனால் சேர்மானங்கள் தீர்ந்துகொண்டேதான் இருக்கும். எனவே கறுப்பைக் கண்டு மாற்றுவதும் தெளிவைக் கண்டு தள்ளிப்போடுவதும் இரண்டுமே தவறு. கவனிக்க வேண்டிய நிறம் வேறொன்று: பால் கலந்த தேநீர் போலக் கலங்கித் தெரிந்தால் குளிர்விப்பு நீர் ஆயிலில் கலந்திருக்க வாய்ப்புண்டு. வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள். ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மட்டும் இலேசான வெண்படிவு இருந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் சரியாக இருந்தால், அது குறுந்தொலைவு ஓட்டத்தால் தேங்கிய ஈரமாக இருக்கலாம். ஒருமுறை நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஓட்டிவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது எண்ணெய்க் கிண்டி வடிவிலுள்ள சிவப்பு விளக்கு எரிந்தால், அது சர்வீஸ் நாள் வந்துவிட்டது என்ற நினைவூட்டல் அன்று. ஆயிலின் அழுத்தம் விழுந்துவிட்டது என்ற எச்சரிக்கை. அடுத்த பங்க் வரை போய்விடலாம் என்று நினைக்காமல் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். அழுத்தமின்றிச் சில நிமிடம் ஓடினாலே பேரிங்குகள் தேய்ந்து எஞ்சின் இறுகிவிடக்கூடும். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் இழுவை வண்டியின் கூலி சொற்பம்.

எந்த ஆயிலை வாங்குவது

ஆயில் டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் நிறுவனப் பெயரையும் படத்தையும் விட்டுவிட்டு, இரண்டு குறியீடுகளைத் தேடுங்கள். முதலாவது 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 15டபிள்யூ-40 என்பது போன்ற எஸ்.ஏ.இ. குறியீடு, இது ஆயிலின் பிசுக்குத்தன்மையைக் குறிக்கும். டபிள்யூ என்ற எழுத்துக்கு முன்னுள்ள எண் கடுங்குளிரில் ஆயில் எவ்வளவு எளிதில் ஓடும் என்பதைக் காட்டுகிறது. எண் சிறியதாக இருந்தால் எளிதில் ஓடும். பின்னுள்ள எண் எஞ்சின் முழுச் சூட்டில் இருக்கும்போது, அதாவது 100 டிகிரி செல்சியஸை அடிப்படையாகக் கொண்டு, ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் காட்டுகிறது. எண் கூடினால் கெட்டி கூடும்.

நம்மூர் வெயிலுக்கு 0டபிள்யூ-20 தண்ணீர் மாதிரி ஓடிவிடும், 20டபிள்யூ-50 போட்டால்தான் எஞ்சின் தாங்கும் என்ற அறிவுரை உங்கள் காதில் எப்போதாவது விழும். வெளியே 40 டிகிரி வெயில் அடித்தாலும் 25 டிகிரியாக இருந்தாலும், தெர்மோஸ்டாட் எஞ்சினின் குளிர்விப்பு நீரை ஏறத்தாழ 90 டிகிரியை ஒட்டித்தான் வைத்திருக்கும். ஆயிலின் சூடும் அதைச் சார்ந்தே அமையும். வேலூர் வெயில் அந்தக் கணக்கைப் பெரிதாக மாற்றிவிடுவதில்லை. மாறாக, புதிய எஞ்சின்களின் பேரிங் இடைவெளிகளும், வால்வு திறக்கும் நேரத்தை ஆயில் அழுத்தத்தாலேயே மாற்றும் அமைப்பின் குறுகிய வழிகளும் மெல்லிய ஆயிலுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. காலையில் எஞ்சினை முடுக்கியதும் ஆயில் மேலே போய்ச் சேர்வதற்கான சில நொடிகள்தான் தேய்மானம் அதிகமாக நடக்கும் நேரம். அப்போது கெட்டி ஆயில் உதவாது, தாமதப்படுத்தும். கையேடு வெப்பநிலைக்கேற்ப இரண்டு மூன்று தரங்களை அனுமதித்திருந்தால் அவற்றுக்குள் தேர்ந்துகொள்ளுங்கள். அதற்கு வெளியே போக வேண்டாம்.

இரண்டாவது, ஏ.பி.ஐ. தரம். எஸ் என்ற எழுத்தில் தொடங்குவது பெட்ரோல் எஞ்சினுக்கு, சி என்பதில் தொடங்குவது டீசலுக்கு. பெட்ரோலில் இரண்டாம் எழுத்து அகரவரிசையில் முன்னேற முன்னேறத் தரம் புதியது என்று பொருள். 2010-இல் எஸ்.என்., 2020-இல் எஸ்.பி. என்று வந்தன. எஸ்.என். கேட்கும் எஞ்சினுக்கு எஸ்.பி. போடலாம், திருப்பிச் செய்யக் கூடாது. டர்போ பெட்ரோல் எஞ்சின்களில் குறைந்த சுற்றில் எரிபொருள் நேரத்துக்கு முன்பே தீப்பிடித்துப் பிஸ்டனைச் சேதப்படுத்தும் கோளாறைக் குறைப்பது எஸ்.பி. தரத்தின் நோக்கங்களில் ஒன்று. வடிகட்டி பொருத்திய பி.எஸ்.6 டீசலுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் கட்டாயம், கையேட்டில் ஏ.சி.இ.ஏ. சி2 அல்லது சி3 போன்ற குறியீடு இருக்கும். பழைய டீசலுக்கான ஆயிலை மலிவாகக் கிடைக்கிறது என்று இதில் ஊற்றினால், கரியைப் போல எரித்துவிட முடியாத சாம்பல் வடிகட்டியில் சேர்ந்து நாளடைவில் அதை அடைத்துவிடும். அந்த வடிகட்டியை மாற்றும் செலவு பல ஆண்டு ஆயில் செலவுக்குச் சமம்.

இவை இரண்டும் கையேட்டோடு பொருந்திவிட்டால், சர்வோவா, மேக்கா, காஸ்ட்ராலா, ஷெல்லா என்ற விவாதத்துக்கு நான் அதிக நேரம் ஒதுக்கமாட்டேன். 0டபிள்யூ, 5டபிள்யூ வகைகள் பெரும்பாலும் சிந்தெடிக் (ரசாயன முறையில் உருவாக்கியது) ஆகவோ பாதி சிந்தெடிக் ஆகவோதான் வரும் என்பதால், மினரலா சிந்தெடிக்கா என்ற கேள்வியும் தானாகவே தீர்ந்துவிடுகிறது. சிந்தெடிக் போட்டுவிட்டோம் என்பதற்காகக் கையேட்டின் இடைவெளியை நீட்டிக்கக் கூடாது. கவலைப்பட வேண்டியது போலி ஆயிலைப் பற்றித்தான். அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர், பெட்ரோல் பங்க், அல்லது தெரிந்த உதிரிபாகக் கடையில் ரசீதோடு வாங்குங்கள். மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா, டப்பாவில் தயாரித்த நாளும் தொகுதி எண்ணும் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். இனித் தேவைப்படாத காலி டப்பாவை வெட்டியோ துளையிட்டோ தூக்கிப் போடுங்கள். சேதமில்லாமல் பழைய பொருட்களோடு போய்ச் சேரும் காலி டப்பாக்கள்தான் போலிக்காரர்களின் மூலப்பொருள்.

அளவும் கையேட்டிலேயே இருக்கும். சிறிய பெட்ரோல் எஞ்சின்களுக்கு 3 முதல் 4 லிட்டர், பெரிய டீசல் எஞ்சின்களுக்கு 5 லிட்டருக்கு மேல் என்பது பொதுவான நிலை. ஃபில்டரோடு சேர்த்து எவ்வளவு, ஃபில்டர் இல்லாமல் எவ்வளவு என்று இரண்டு எண்கள் இருந்தால், ஃபில்டரோடு உள்ளதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிலை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஃபில்டரையும் மாற்றுவதுதான் முறை.

ஒர்க்ஷாப்பில் மாற்றும்போது

உத்தரவாதக் காலத்திலுள்ள காருக்கு நிறுவனத்தின் சர்வீஸ் மையத்திலேயே மாற்றி, ரசீதையும் சர்வீஸ் பதிவையும் பாதுகாத்துக்கொள்வதுதான் சிக்கலற்றது. எந்தத் தர ஆயில் ஊற்றப்பட்டது, எத்தனை லிட்டர், ஃபில்டரும் வடிகால் போல்ட்டின் வாஷரும் மாற்றப்பட்டனவா என்று மூன்றையும் ரசீதில் பாருங்கள். எஞ்சின் எடுத்துக்கொண்டது 3.2 லிட்டராக இருக்க ரசீதில் 4 லிட்டர் என்றிருந்தால் மீதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதே தர ஆயில் டாப்-அப் செய்யக் கைவசம் இருப்பதும் நல்லதுதான்.

எஞ்சினின் உட்புறத்தைக் கழுவும் எஞ்சின் ஃப்ளஷ், ஆயிலில் கலக்கும் சிறப்புத் திரவம் ஆகியவற்றைப் பரிந்துரைத்தால், என் கையேட்டில் இது இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேளுங்கள். நேரத்துக்கு ஆயில் மாற்றப்பட்டுவரும் எஞ்சினுக்கு இவை தேவைப்படுவதில்லை. நீண்ட காலம் கவனிக்கப்படாத பழைய வண்டியிலோ, பலமான ஃப்ளஷ் பல ஆண்டுப் படிவுகளை ஒரே நேரத்தில் பெயர்த்து ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும் அபாயமும் உண்டு. அப்படிப்பட்ட வண்டியை வாங்கியிருந்தால், சரியான ஆயிலை ஊற்றி இரண்டு முறை குறைந்த இடைவெளியில் மாற்றுவது மெதுவான, ஆனால் பாதுகாப்பான வழி.

நாமே மாற்றுவதாக இருந்தால்

உத்தரவாதம் முடிந்த காரில், சமதளமான இடமும் ஒரு மணி நேரமும் இருந்தால் இது செய்யக்கூடிய வேலைதான். தேவையானவை: சரியான தர ஆயில், ஃபில்டர், புது வாஷர், வடிகால் போல்ட்டுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பானர் (பல கார்களில் 14 அல்லது 17 மில்லிமீட்டர்), ஃபில்டர் கழற்றும் கருவி, ஐந்தாறு லிட்டர் பிடிக்கும் அகன்ற தட்டு, புனல், கையுறை, பழைய துணி, அவற்றோடு ஒரு ஜோடி ஜாக்கி ஸ்டாண்டோ ஏற்றுச் சாய்தளமோ. வண்டியோடு வந்த ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே. அதன் பலத்தை நம்பி வண்டிக்கு அடியில் ஒரு கையைக்கூட நீட்டக் கூடாது. ஸ்டாண்டோ சாய்தளமோ இல்லையென்றால் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட்டி இளஞ்சூடாக்குங்கள்; ஆயில் எளிதில் வடியும். நெடுந்தூரம் ஓடிவந்த சூட்டோடு தொட்டால் கை வெந்துவிடும். எஞ்சினை அணைத்து, கைப்பிரேக்கை இழுத்து, பின் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி, கையேட்டில் காட்டியுள்ள இடங்களில் ஸ்டாண்டுகளை வையுங்கள். வண்டியை இலேசாக ஆட்டிப் பார்த்து உறுதி செய்த பிறகே அடியில் போங்கள். மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தி வைத்தால் காற்றுப் புகுந்து ஆயில் சீராக இறங்கும். அடியில் பிளாஸ்டிக் மறைப்பு இருந்தால் அதைக் கழற்ற வேண்டியிருக்கும்.

இப்போது எஞ்சின் சம்ப்பின் வடிகால் போல்ட்டைக் கண்டுபிடியுங்கள். புதியவர்கள் கியர்பாக்ஸின் போல்ட்டைக் கழற்றி அந்த ஆயிலை வடித்துவிட்டு, எஞ்சினில் பழைய ஆயிலின் மேல் புது ஆயிலையும் ஊற்றிவிடுவது அவ்வப்போது நடக்கும் விபரீதம். வெளியே வரும் ஆயில் சிவப்பாகவோ மிகத் தெளிவாகவோ இருந்தால் உடனே போல்ட்டை மூடிவிடுங்கள். சரியான போல்ட் என்று உறுதியானதும், தட்டை வைத்து, ஸ்பானரால் தளர்த்தி, கடைசிச் சுற்றுகளைக் கையால் உள்நோக்கி அழுத்தியபடியே திருகி, சட்டென்று எடுத்துவிடுங்கள். ஆயில் முதலில் ஓர் அடி தள்ளிப் பாயும். சொட்டுச் சொட்டாகும் வரை பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். பழைய வாஷரை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டு, போல்ட்டை முதலில் கையாலேயே முழுதும் திருகி, பிறகு கையேட்டில் சொன்ன முறுக்குவிசைக்கு இறுக்குங்கள். அலுமினியச் சம்ப்பில் பலம் கொண்டமட்டும் இறுக்கினால் மரை போய்விடும். சம்ப்பையே மாற்ற நேரிடும்.

அடுத்து ஃபில்டர். பழையதைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் அதனோடு வந்துவிட்டதா என்று பாருங்கள். எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புது வளையமும் சேர்ந்தால், எஞ்சினை முடுக்கியதும் ஆயில் பீறிட்டு வெளியேறும். புது ஃபில்டரின் வளையத்தில் சிறிது புது ஆயிலைத் தடவி, கையால் திருகுங்கள். வளையம் எஞ்சினைத் தொட்டதும் மேலும் முக்கால் சுற்று போதும். ஃபில்டரின் மேலேயே எத்தனை சுற்று என்று அச்சிட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். கருவியைப் பழைய ஃபில்டரைக் கழற்றுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். சில எஞ்சின்களில் உலோக உறைக்குப் பதிலாகக் காகிதக் கூடு மட்டும் மாறும். அவற்றில் மூடியின் ஓ-வளையத்தையும் மாற்ற வேண்டும்.

மொத்த அளவில் அரை லிட்டரைக் குறைத்து ஊற்றுங்கள். மூடியைப் போட்டு எஞ்சினை முடுக்குங்கள், ஆக்சிலரேட்டரைத் தொடாதீர்கள். சிவப்பு விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். ஒரு நிமிடம் ஓடவிட்டு, போல்ட்டிலும் ஃபில்டரிலும் கசிவு இல்லை என்று பார்த்து, அணைத்து, வண்டியைத் தரையில் இறக்கிய பின் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பார்த்து மீதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றிவிட்டால் மிகுதியை எடுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரையால் அழுத்தத்தைத் தாங்க முடியாது. திரையில் சர்வீஸ் நினைவூட்டல் இருந்தால் அதைப் பூச்சியமாக்குங்கள். மறுநாள் காலை வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்துக் கசிவு இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

பழைய ஆயிலை என்ன செய்வது

வடித்த ஆயிலைப் புது ஆயிலின் காலி டப்பாவிலேயே ஊற்றி மூடிவையுங்கள். ஃபில்டரையும் கவிழ்த்து வைத்து வடித்தெடுங்கள். கிராமங்களில் கழிவு ஆயிலைக் கரையானுக்காகக் கதவு நிலையிலும் வேலிக் கம்பங்களிலும் பூசும் வழக்கமும், கொசுவுக்காகத் தேங்கிய நீரில் ஊற்றும் வழக்கமும் இன்னும் இருக்கின்றன. ஓடிய ஆயிலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சேர்மங்களும் உலோகத் துகள்களும் உள்ளன. அது மண்ணிலும் கிணற்று நீரிலும் இறங்கும். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின் கீழ் இது வருகிறது. 2024 ஏப்ரல் முதல், விற்ற ஆயிலில் ஒரு பங்கை மறுசுழற்சிக்குத் திரும்பக் கொண்டுவரும் பொறுப்பு உற்பத்தியாளர்கள் மேலும் சுமத்தப்பட்டிருக்கிறது. சாக்கடையில் கொட்டாமல், பீப்பாயில் சேகரித்து மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் ஒர்க்ஷாப் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அங்கே கொடுத்துவிடுங்கள். தண்ணீரோ, பெட்ரோலோ, ரேடியேட்டர் திரவமோ அதில் கலக்காமல் இருந்தால்தான் அவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

மாற்றிய தேதி, மீட்டரில் இருந்த கிலோமீட்டர், ஆயிலின் இரு குறியீடுகள், ஊற்றிய அளவு ஆகியவற்றை சர்வீஸ் புத்தகத்தில் எழுதி, ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் வாங்கிய ரசீதுகளை அதே பக்கத்தில் இணைத்துவிடுங்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்குபவர் முதலில் கேட்பது இந்தப் பக்கங்களைத்தான்.